கன்னியாகுமரி மாவட்டத்தில் சமையல் எரிவாயுப் பாதுகாப்பு

சமையல் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் என்பவை, வீடுகளிலும், உணவகம், தேநீர்க்கடை, திருமண மண்டபம் போன்ற வணிக இடங்களிலும் பயன்படும் நீர்மப் பெட்ரோலிய வாயுவை (எல்.பி.ஜி) உருளையில் நிரப்புதல், எடுத்துச் செல்லுதல், சேமித்தல், எரித்தல் ஆகியன குறித்து இந்திய நடுவண் அரசும் அதன் அமைப்புகளும் வகுத்துள்ள விதிகளின் தொகுப்பு ஆகும். இவை நாடு முழுவதற்கும் பொதுவானவை. கன்னியாகுமரி மாவட்டத்திற்கெனத் தனியான எரிவாயுச் சட்டம் எதுவும் இல்லை. ஆயினும் நெருக்கமான குடியிருப்பு, நீண்ட கடற்கரை, ஆண்டு முழுவதும் வந்து செல்லும் சுற்றுலாப் பயணிகள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த மாவட்டம் என்பதால், இவ்விதிகள் எங்கு நன்கு செயற்படுகின்றன, எங்கு கைவிட்டுப் போகின்றன என்பதை இங்கு தெளிவாகக் காணலாம்.

திருவிதாங்கூரிலிருந்து பிரிந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களைக் கொண்டு 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. இவற்றுள் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களே நாஞ்சில் நாடு என்று வழங்கப்படுவன. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. ஒரு சதுர கிலோமீட்டரில் 1,100 பேருக்கு மேல் வாழ்கின்றனர். ஒரு வீட்டில் ஏற்படும் கசிவு அடுத்த வீட்டையும் பாதிக்கும் தொலைவிலேயே பல ஊர்கள் அமைந்துள்ளன.

எரிவாயுவின் இயல்பு

விதிகளைப் புரிந்துகொள்ள முதலில் இவ்வாயுவின் இயற்பியலை அறிதல் வேண்டும். ஏனெனில் பெரும்பாலான விதிகள் அதிலிருந்தே பிறந்தவை.

நீர்மப் பெட்ரோலிய வாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரு ஐதரோகார்பன்களின் கலவை ஆகும். புரொப்பேன் -42 °செல்சியசிலும், பியூட்டேன் ஏறத்தாழ -0.5 °செல்சியசிலும் கொதிக்கின்றன. எனவே நம் ஊர் வெப்பநிலையில் இவை இயல்பாக வாயுநிலையில் இருக்கும். அழுத்தம் கொடுத்தே நீர்மமாக உருளைக்குள் அடைக்கப்படுகின்றன. ஒரு லிட்டர் நீர்மம் வெளியேறினால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் சுமார் 2 விழுக்காடு முதல் 9.5 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது மட்டுமே இது தீப்பற்றும். இவ்வரம்பிற்குக் கீழேயும் மேலேயும் எரியாது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள சமையலறையின் கொள்ளளவு 27 கனமீட்டர். இதன் 2 விழுக்காடு சுமார் அரைக் கனமீட்டர். அரைக் கனமீட்டர் எரிவாயுவின் நிறை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் மட்டுமே. அதாவது 14.2 கிலோ உருளையில் பதினான்கில் ஒரு பங்கு கசிந்தாலே அவ்வறை முழுவதும் வெடிக்கத்தக்க கலவையாகிவிடும். உண்மையில் அந்த அளவும் தேவைப்படுவதில்லை. இவ்வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரு மடங்கு கனமானது. ஆதலால் சீராகக் கலக்காமல் தரையோடு தரையாகப் படிந்து, தாழ்ந்த இடம் நோக்கி நீர் போல் நகரும்.

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் அடுக்களையில் பாத்திரம் கழுவும் அங்கணமும், அதிலிருந்து புறவாசலுக்குச் செல்லும் நீர்வழியும் இருக்கும். கசிந்த வாயு இத்தகைய குழிகளிலும் வடிகால்களிலும் தேங்கக்கூடும். அடுக்களையில் மணம் குறைந்துவிட்டதென்று எண்ணியிருக்கையில், புறவாசலில் வெந்நீருக்காக மூட்டிய கதம்பை நெருப்பு அதனைப் பற்றவைக்கலாம். உருளையைத் தரைமட்டத்திற்குக் கீழுள்ள அறையில் வைக்கக்கூடாது, சன்னல் மேலே இருந்தால் மட்டும் போதாது, தரையை ஒட்டியும் காற்றுப் போக்கு வேண்டும் என்னும் விதிகளின் காரணம் இதுவே.

தூய எரிவாயுவிற்கு நிறமோ மணமோ இல்லை. கசிவை அறிவதற்காக எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மம் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுகிறது. தீப்பற்றும் குறைந்த செறிவில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும்போதே மணம் தெரிய வேண்டும் என்பது விதி. மணத்தை மட்டும் நம்பும் இவ்வேற்பாட்டில் ஒரு குறை உண்டு. முதியோர் பலருக்கும், சளி பிடித்தவர்களுக்கும் நுகர்வுத் திறன் குறைந்திருக்கும். உறங்குபவரை இம்மணம் எழுப்பிவிடும் என்று உறுதியாகக் கூற இயலாது.

"உருளை வெடித்தது" என்று செய்திகளில் வருவனவற்றுள் பல, உண்மையில் அறையில் தேங்கிய வாயு வெடித்த நிகழ்வுகளே. அத்தகைய இடங்களில் சுவர் இடிந்து கிடக்க, உருளை முழுதாக இருப்பதைக் காணலாம். உருளையே வெடிப்பது, பெரும்பாலும் அது வெளித்தீயில் நெடுநேரம் சூடேறி உள்ளழுத்தம் தாங்கமுடியாத நிலையை எட்டும்போதுதான்.

சட்டங்களின் வரலாறு

இந்தியாவில் எரிவாயு உருளைகள் மீதான கட்டுப்பாடு வெடிபொருட்கள் சட்டத்திலிருந்து (1884) தொடங்குகிறது. உலோகக் கொள்கலனில் அழுத்தி அடைக்கப்பட்ட வாயு வெடிபொருளாகக் கருதப்படும் என்று 1938 ஆம் ஆண்டு ஓர் அறிவிக்கை வெளியானது. அதன் வழியே வாயு உருளைகள் விதிகள் 1940 இல் வந்தன. பின்னர் 1981, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் அவை புதிதாக எழுதப்பட்டன. இவற்றைச் செயற்படுத்தும் அமைப்பு, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருட்கள் பாதுகாப்பு நிறுவனம் (பெசோ) ஆகும். சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு உரிமம் தருவதும் இந்நிறுவனமே. சட்டத்தின் பார்வையில் அடுக்களை உருளையும் பட்டாசும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

வீட்டு உபயோகத்திற்கு எரிவாயு 1955 இல் பர்மா செல் நிறுவனத்தால் மும்பையில் அறிமுகமானது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முதல் இண்டேன் இணைப்பு 1965 இல் கொல்கத்தாவில் வழங்கப்பட்டது. வழங்கல், விலை, முறைகேடு ஆகியவற்றைக் கையாள இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் (1955) கீழ்த் தனி ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. அவற்றுள் 2000 ஆம் ஆண்டின் நீர்மப் பெட்ரோலிய வாயு (வழங்கல் மற்றும் பகிர்மான ஒழுங்குமுறை) ஆணை முதன்மையானது. இவ்வாறு பாதுகாப்பு ஒரு சட்டத்தின் கீழும், வழங்கல் மற்றொரு சட்டத்தின் கீழும் அமைந்தன. பெசோ அதிகாரி உருளையின் உறுதியைப் பார்க்கிறார். மாவட்ட வழங்கல் அலுவலர் அது யாருடைய உருளை என்று பார்க்கிறார். ஒரு தேநீர்க்கடையின் மேசைக்கு அடியில் உள்ள உருளையைப் பொறுத்தவரை இரு கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது கீழே விளக்கப்படுகிறது.

பொருள்களின் தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுக்கிறது. எரிவாயுக் கலவைக்கு ஐ.எஸ். 4576, உருளைக்கு ஐ.எஸ். 3196, உருளையின் அடைப்பிதழுக்கு ஐ.எஸ். 8737, அழுத்தச் சீராக்கிக்கு (ரெகுலேட்டர்) ஐ.எஸ். 9798, ரப்பர்க் குழாய்க்கு ஐ.எஸ். 9573, வீட்டு அடுப்புக்கு ஐ.எஸ். 4246 எனத் தனித்தனித் தரங்கள் உள்ளன. பல உருளைகளை ஒன்றிணைத்து அமைக்கும் வணிக நிறுவல்கள் ஐ.எஸ். 6044 இன்படி இருத்தல் வேண்டும்.

வீட்டுப் பயன்பாடு

தமிழ்நாட்டில் 2006 இல் பொறுப்பேற்ற அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016 மே 1 அன்று தொடங்கிய நடுவண் அரசின் உஜ்வலா திட்டமும் விறகை மட்டுமே நம்பியிருந்த பல வீடுகளுக்கு எரிவாயுவைக் கொண்டு சேர்த்தன. ஆனால் விறகடுப்பு முற்றிலும் அகன்றுவிடவில்லை. தென்னை மிகுந்த குமரி மாவட்டத்தில் கதம்பை, ஓலை, சிரட்டை ஆகியவை செலவின்றிக் கிடைக்கின்றன. நெடுநேரம் வேக வேண்டிய புழுங்கலரிசிச் சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகடுப்பே சிக்கனம் என்று கருதுவோர் பலர். இதனால் ஒரே அடுக்களையில் இரண்டு அடுப்புகளும் அருகருகே அமைவதுண்டு. உருளை உள்ள அறையில் வேறு திறந்த நெருப்பு இருத்தலாகாது என்னும் அறிவுரை இங்கு மீறப்படுவது அலட்சியத்தால் மட்டுமன்று. சிறிய வீட்டில் இரண்டாவது அடுக்களைக்கு இடமில்லை என்பதாலும் ஆகும். விறகடுப்பைப் புறவாசலுக்கு மாற்றுவதே இதற்கு நடைமுறைத் தீர்வு.

உருளையை நிமிர்ந்த நிலையிலேயே வைக்க வேண்டும். படுக்க வைத்தால் வாயுவிற்குப் பதில் நீர்மம் வெளியேறும். அடுப்பு, உருளையைவிட உயரமான மேடையில் இருத்தல் வேண்டும். குழாயின் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மிகாதிருத்தல் நன்று. அதனைச் சுவருக்குள்ளோ அலமாரிக்குப் பின்னாலோ மறைக்கக்கூடாது. உள்ளே எஃகுக் கம்பி வலை பொதிந்த செம்மஞ்சள் நிறச் 'சுரக்சா' குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குழாயின் மீது அச்சிட்டுள்ள ஆண்டைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும், ஆனால் பார்ப்பவர் குறைவு.

உருளைக்கும் இத்தகைய நாள் உண்டு. உருளையின் கைப்பிடியைத் தாங்கும் பட்டைகளுள் ஒன்றின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி ஆகிய ஆங்கில எழுத்துகளுள் ஒன்றும் ஈரிலக்க ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். ஏ என்பது சனவரி முதல் மார்ச் வரையிலும், பி சூன் வரையிலும், சி செப்டம்பர் வரையிலும், டி திசம்பர் வரையிலுமான காலாண்டைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக "பி 28" என்றிருந்தால் 2028 சூன் மாதத்திற்குள் அவ்வுருளை மறுசோதனைக்குச் செல்ல வேண்டும் என்று பொருள். புதிய உருளைக்கு முதற்சோதனை பத்து ஆண்டுகளிலும், அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் நடைபெறும். இதனைக் காலாவதி நாள் என்று பலர் தவறாகக் கருதுகின்றனர். உள்ளிருக்கும் வாயு கெட்டுப்போவதில்லை.

கடற்கரை ஊர்களில் இச்சோதனை நாளுக்குக் காத்திராமல் உருளையின் அடிவளையத்தையும் பார்த்தல் நலம். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற ஊர்களில் உப்புக்காற்றும், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இரும்பை விரைவில் அரிக்கின்றன. ஈரத்தரையில் நேரடியாக நிற்கும் உருளைக்கும் அடுப்பின் அடித்தட்டுக்கும் இதே நிலைதான். துருவேறிய உருளையைப் பெறும்போதே திருப்பியளிக்க நுகர்வோருக்கு உரிமை உண்டு. கொண்டு வருபவரிடம், உருளையின் எடையைக் காட்டுமாறும், பாதுகாப்பு மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தையும் கசிவையும் சோதிக்குமாறும் கேட்கலாம். இந்த ரப்பர் வளையம் தேய்ந்தோ விடுபட்டோ இருப்பது வீட்டுக் கசிவுகளுக்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

வாயு உருளைகள் விதிகள் மிதிவண்டியிலும் பிற இருசக்கர ஊர்திகளிலும் நிரம்பிய உருளையைக் கொண்டு செல்வதைத் தடைசெய்கின்றன. இம்மாவட்டத்துச் சாலைகளில் நாள்தோறும் மீறப்படும் விதி இதுவாகத்தான் இருக்கும்.

வணிகப் பயன்பாடு

வணிக இடங்களுக்கென 19 கிலோ, 47.5 கிலோ உருளைகள் உள்ளன. வீட்டு உருளை சிவப்பு நிறமும் 19 கிலோ உருளை நீல நிறமும் கொண்டவை. வீட்டு உருளையின் விலை குறைவு என்பதால் அதனைக் கடைகளில் பயன்படுத்தும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. 2000 ஆம் ஆண்டு ஆணை இதனைத் தடைசெய்கிறது. இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் இடமுண்டு.

இத்தடை, விலை முறைகேட்டைத் தடுக்க வந்தது, பாதுகாப்பிற்காக வந்ததன்று. ஆனால் பாதுகாப்பில் அதற்கு எதிர்பாராத விளைவு ஒன்று உண்டு. சிவப்பு உருளை வைத்திருக்கும் கடைக்காரர் அதனைக் காற்றோட்டமான இடத்தில், பிறர் கண்ணில் படுமாறு வைக்க இயலாது. எனவே அது மேசைக்கு அடியிலோ, தட்டிக்குப் பின்னாலோ, கடையின் உள்ளறையிலோ, அதாவது விதிகள் எங்கெல்லாம் வைக்கக்கூடாது என்கின்றனவோ அங்கேயே போய்ச் சேர்கிறது. மேலும் வீட்டுச் சீராக்கி ஏறத்தாழ சதுர செ.மீ.க்கு 30 கிராம் என்ற குறைந்த அழுத்தத்தில் வாயுவை வெளியிடுவது. கடைகளின் பெரிய அடுப்புகளுக்கு உயரழுத்தச் சீராக்கியும் அதற்குரிய குழாயும் தேவை. வீட்டுக் குழாயை உயரழுத்தத்தில் பொருத்தினால் இணைப்பு பிடுங்கிக்கொள்ளும்.

அடுத்தது உரிம வரம்பு. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் உருளைகளில் உள்ள எரிவாயு 100 கிலோவிற்கு மேற்படாதிருந்தால் பெசோ உரிமம் தேவையில்லை. ஐந்து 19 கிலோ உருளைகளைச் சேர்த்தால் 95 கிலோ. எனவே தேநீர்க்கடைகளும் சிறு உணவகங்களும் இனிப்புக் கடைகளும் ஏறக்குறைய அனைத்தும் உரிமம் வேண்டாத வரம்பிற்குள் அமைந்துவிடுகின்றன. விலக்கு என்பது உரிமத்திற்கு மட்டுமே, பாதுகாப்பு விதிகளுக்கு அன்று. ஆனால் உரிமம் இல்லாத இடத்திற்கு அதனைப் புதுப்பிக்கும் ஆய்வும் இல்லை. ஐந்து உருளைகள் உள்ள உணவகத்தின் அடுக்களை, ஓர் இல்லத்து அடுக்களையைவிடப் பல மடங்கு ஆபத்துடையது. எனினும் வீட்டிற்கு முகவரின் பணியாளர் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஆய்வுக்கு வருவது போன்ற ஓர் உறுதியான ஏற்பாடு அங்கு வேர்கொள்ளவில்லை. இவ்விதிகளின் மிகப் பெரிய இடைவெளி இதுவே எனலாம்.

திருமண வீடுகளும் திருவிழாக்களும் இதன் நீட்சி. மண்டைக்காடு பகவதி கோவில் மாசிக் கொடை, சுசீந்திரம் மார்கழித் திருவிழா, கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா ஆகியவற்றின்போது முளைக்கும் தற்காலிக உணவுக்கடைகளில் ஓலையும் துணியும் வேய்ந்த பந்தலுக்குக் கீழ் எரிவாயு அடுப்பு எரிகிறது. உருளையைப் பந்தலுக்கு வெளியே நிறுத்திக் குழாய் வழியே அடுப்பிற்குக் கொணர்வதும், மாற்று உருளையை அடுப்படியில் வைக்காதிருப்பதும் இத்தகைய இடங்களில் செய்யத்தக்க எளிய முன்னேற்பாடுகள்.

மதுரை தொடருந்துத் தீ

சுற்றுலாக் காலத்தில், குறிப்பாகக் கார்த்திகை முதல் தை வரையிலான ஐயப்ப பக்தர் வருகையின்போது, கன்னியாகுமரியில் பயணிகள் தம் பேருந்துகளிலேயே உருளையும் அடுப்பும் கொண்டுவந்து ஊர்தி நிறுத்துமிடங்களில் சமைத்து உண்பது நெடுநாள் வழக்கம். உருளை, பயணிகளின் துணிமூட்டைகளுடன் சேர்ந்து பயணிக்கிறது. இவ்வழக்கம் எத்தகைய விளைவைத் தரும் என்பதை 2023 ஆகத்து 26 அன்று நிகழ்ந்த தீ காட்டியது.

உத்தரப் பிரதேச மாநிலம் இலக்னோவிலிருந்து ஆகத்து 17 அன்று புறப்பட்ட சுற்றுலாப் பெட்டி ஒன்று, ஆகத்து 25 அன்று நாகர்கோவில் சந்திப்பில் புனலூர்–மதுரை விரைவுத் தொடருந்துடன் இணைக்கப்பட்டது. மறுநாள் அதிகாலை மதுரையில் அது கழற்றப்பட்டுத் தனிப் பாதையில் நிறுத்தப்பட்டது. ஐந்தே கால் மணியளவில் பெட்டியில் தீப்பிடித்தது. பயணிகள் விதிக்கு மாறாகக் கொண்டுவந்த எரிவாயு உருளையைப் பயன்படுத்தி அடுப்பு மூட்டியதே காரணம் என்று தொடருந்துத் துறை அறிவித்தது. ஒன்பது பேர் உயிரிழந்தனர்.

தொடருந்தில் ஆபத்தான பொருள்களைக் கொண்டு செல்வதை 1989 ஆம் ஆண்டு தொடருந்துச் சட்டத்தின் 67 ஆம் பிரிவு முன்னரே தடைசெய்திருந்தது. ஆகவே விதி இல்லாமையால் நேர்ந்த விபத்து அன்று இது. பல நாள் பயணத்தில் பல நிலையங்களைக் கடந்து வந்த ஓர் உருளையை எவரும் கண்டு நிறுத்தவில்லை என்பதே இதன் சாரம். சாலை வழியே வரும் பேருந்துகளுக்கு அத்தகைய நிலையங்களும் இல்லை.

கலவை விகிதம்: இலங்கையின் பட்டறிவு

பயன்படுத்துவோர் தவறு செய்யாமலேயே விபத்து நேரக்கூடும் என்பதற்கு இலங்கை எடுத்துக்காட்டு. 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அங்கு வீட்டு அடுப்புகளும் குழாய் இணைப்புகளும் வெடித்த நிகழ்வுகள் நாடெங்கும் தொடர்ந்தன. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் அமைக்கப்பட்ட குழு, உருளைகளில் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதே முதன்மைக் காரணம் என்று கண்டறிந்தது. 30 °செல்சியசில் தூய புரொப்பேனின் ஆவியழுத்தம் பியூட்டேனைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. புரொப்பேன் பங்கு கூடியபோது உள்ளழுத்தம் உயர்ந்து, பழைய கலவைக்கேற்ப இருந்த சீராக்கிகளும் இணைப்புகளும் கசியத் தொடங்கின. அதன்பின்னரே கலவை விகிதத்தை உருளையில் குறிப்பிடுவதும், போதிய மெர்காப்டன் சேர்ப்பதும் அங்கு கண்டிப்பாக்கப்பட்டன.

சாலைவழி

பெருங்கொள்கல ஊர்திகளால் நேரும் விபத்துகள் வேறு வகை. கன்னியாகுமரியையும் நாகர்கோவிலையும் கடந்து கேரளம் செல்லும் பழைய தேசிய நெடுஞ்சாலை 47 இல், கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளி அருகே 2009 திசம்பர் 31 அதிகாலை எரிவாயு ஊர்தி மோதிக் கசிந்து தீப்பற்றியதில் பலர் இறந்தனர். 2012 ஆகத்து 27 அன்று கண்ணூர் அருகே சாலாவில் ஊர்தி கவிழ்ந்து எரிந்து 20 பேர் மாண்டனர். மாறாக, 2025 சனவரி 3 அன்று கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவுடன் ஊர்தி கவிழ்ந்தபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகள் மூடப்பட்டு, போக்குவரத்து நிறுத்தப்பட்டு, நீர் தொடர்ந்து பீய்ச்சப்பட்டதால் உயிரிழப்பு நேரவில்லை. வாயு பற்றுவதற்கு ஒரு பொறி வேண்டும். அப்பொறியை விலக்கி வைத்ததே அங்கு நடந்தது.

கசிவு ஏற்படின்

வீட்டிலும் இதே முறைதான். மணம் தெரிந்தவுடன் சீராக்கியை மூடிக் கழற்றி, உருளையின் வாயில் பாதுகாப்பு மூடியைப் பொருத்த வேண்டும். கதவு, சன்னல்களைத் திறக்க வேண்டும். பூசையறை விளக்கையும் புறவாசல் அடுப்பையும் அணைக்க வேண்டும். மின்விளக்கைப் போடவும் கூடாது, எரிவதை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். குளிர்பதனப் பெட்டி தானே இயங்கி நிற்கும் கருவி என்பதால், வீட்டிற்கு வெளியே மின்மானிப் பலகை இருப்பின் அங்கு முதன்மை இணைப்பைத் துண்டிப்பது சிறந்தது. கசியும் இடத்தைத் தீக்குச்சியால் தேடக்கூடாது. சவர்க்கார நுரையே போதும். 2016 முதல் செயற்படும் 1906 என்னும் கட்டணமில்லா எண்ணுக்கும், தீப்பற்றியிருந்தால் 101 க்கும் வீட்டிற்கு வெளியே வந்த பின்னர் அழைக்க வேண்டும்.

காப்பீடு

எண்ணெய் நிறுவனங்கள் தம் பதிவுபெற்ற நுகர்வோருக்காகப் பொதுப்பொறுப்புக் காப்பீடு எடுத்துள்ளன. நுகர்வோர் இதற்கெனத் தனிக் கட்டணம் செலுத்துவதில்லை. எரிவாயு காரணமாக நேரும் விபத்தில் இறப்புக்கு ஒருவருக்கு 6 இலட்சம் ரூபாயும், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 இலட்சம் ரூபாய் வரையும் (ஒரு நிகழ்வுக்கு மொத்தம் 30 இலட்சம்), பதிவுசெய்த முகவரியில் ஏற்படும் உடைமைச் சேதத்திற்கு 2 இலட்சம் ரூபாய் வரையும் இழப்பீடு பெற இயலும். விபத்தை முகவருக்கு எழுத்து மூலம் உடனே தெரிவிக்க வேண்டும். காவல் நிலையப் பதிவும் மருத்துவ ஆவணங்களும் தேவைப்படும். வீட்டு உருளையைக் கடைக்கு எடுத்துச் சென்ற நிலையில் தீ நேர்ந்தால், உடைமைச் சேதத்திற்கான இழப்பீட்டை எதிர்பார்க்க இயலாது. அக்கடை பதிவுசெய்த முகவரி அன்று.